கடினமான ஆசிரியரிடம் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று கடலூரில் திருப்பாப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் பேசிக்கொள்வதைக் கேட்டால் மனது வலிக்கும். ‘கணக்கு சாருக்கு என்னைக் கண்டாலே ஆகாது, கணக்கே இல்லாத குரூப் போதும்’ என்று சொல்லும் பிள்ளை எந்த வருடமும் இல்லாமல் போவதில்லை. அந்த சாரோடு பழகப்போவது அதிகம் போனால் இரண்டு வருடம். கணக்கை விட்டுவிட்டால் பாலிடெக்னிக், இன்ஜினியரிங், வங்கித் தேர்வு என்று எங்கே போனாலும் அது வழிமறிக்கும். ஆசிரியர் மேல் உள்ள கோபத்தைப் பாடத்தின் மேல் காட்டுவதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது, ‘மார்க்கெல்லாம் அவர் கையிலதானே’ என்ற பயம். அவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறை 25. மற்ற பாடங்களில் 100-ம் எழுத்துத் தேர்வுதான். பிளஸ் டூவில் அகமதிப்பீடு 10, செய்முறை உள்ள பாடமென்றால் அதற்கு இன்னொரு 20. கன்னியக்கோயில் தாண்டிப் புதுச்சேரி அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு இப்போது சி.பி.எஸ்.இ.; அங்கே பத்தாம் வகுப்பில் எழுத்துக்கு 80, அகமதிப்பீடு 20. பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவர் உங்கள் முகமே தெரியாத வேறொருவர். அந்தப் பத்து இருபதுக்குப் பயந்து வருடம் முழுக்க வாய் திறக்காமல் இருக்க வேண்டாம். வீம்புக்கு ரெக்கார்டு நோட்டைக் காட்டாமல் திரியவும் வேண்டாம். ரெக்கார்டை நாள் தவறாமல் கொடுத்துத் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்திருப்பவருக்கு மார்க்கைக் குறைப்பது யாருக்கும் சுலபமில்லை.

சந்தேகம் கேட்கும் விதத்திலும் பலர் சறுக்குகிறார்கள். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ‘சார், நேத்து வேற மாதிரி போட்டீங்களே’ என்றால், கேட்டது நியாயமாகவே இருந்தாலும் அவர் காதில் சவாலாகத்தான் விழும். அதையே இன்டர்வெலில், ஸ்டாஃப் ரூம் வாசலில் நோட்டைத் திறந்து காட்டி, ‘மூணாவது ஸ்டெப் வரைக்கும் வந்துட்டேன் சார், இதுக்கப்புறம் புரியல’ என்று கேளுங்கள். எவ்வளவு சிடுசிடுப்பானவரும் முயற்சி செய்திருக்கிற பிள்ளையைப் பெரும்பாலும் விரட்டுவதில்லை. ‘ஒண்ணுமே புரியல’ என்றால் எங்கே தொடங்குவதென்று அவருக்கும் தெரியாது. அப்படியும் விரட்டினால் பக்கத்து செக்‌ஷன் ஆசிரியரிடம் கேளுங்கள். அதில் எந்தத் துரோகமும் இல்லை.

அவரை மீம் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பரப்புவது வேண்டவே வேண்டாம். அன்றோடு பேச்சு திசைமாறி, விசாரிக்கப்படுவது நீங்களாகிவிடுவீர்கள்.

வீட்டில் மறைப்பதும் தவறு. சொன்னவுடன் அப்பாவும் சித்தப்பாவும் பைக்கில் கிளம்பிப் போய்ப் பள்ளி வாசலில் சத்தம் போடுவதும் தவறு. முதலில் கிளாஸ் டீச்சர், பிறகு எச்.எம்., அதற்குப் பிறகு பள்ளி மேலாண்மைக் குழு. கடிதமாகக் கொடுங்கள். ‘எப்பவும் திட்றார்’ என்று மட்டும் எழுதினால் யாராலும் விசாரிக்க முடியாது. எந்தத் தேதி, எந்தப் பீரியட், என்ன சொன்னார், யார் இருந்தார்கள் என்று எழுதி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். தன்னிடம் டியூஷன் வருகிற பிள்ளைக்கு ஒரு முகம், வராத பிள்ளைக்கு ஒரு முகம் என்றால் அதையும் எழுதலாம். ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. பள்ளிக்குள் தீராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார், திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கண்டிப்பானவர், எரிந்து விழுபவர், ஓரவஞ்சனை பார்ப்பவர் பற்றி. அடிப்பவரையும், சாதியையோ உடம்பையோ சொல்லிக் கேவலப்படுத்துபவரையும், தொடக்கூடாத இடத்தில் தொடுபவரையும் இவர்களோடு சேர்த்து ‘கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்’ என்று பொறுத்துப்போவது மிகவும் ஆபத்தான தவறு. ‘அடியாத மாடு படியாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் இருக்கிறது. பெரியவர்கள் தெரிந்தும் மறைத்தால் அதுவே குற்றம். உங்கள் பெயரையோ படத்தையோ பள்ளியையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது.

கடலூரானாலும் புதுச்சேரியானாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு 14417 என்ற உதவி எண்ணும் உண்டு. தயக்கமாக இருந்தால் அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டில் யாரும் நம்பவில்லையா? நீங்களே தனியாகவும் பேசலாம், யார் அனுமதியும் தேவையில்லை.