பிரேக் வேலை முடிந்து வண்டி எடுக்கும்முன்

பிரேக் பேடு மாற்றிய காரை எடுத்து வந்த மறுவாரம், முன்சக்கரத்துக்கு மேலே பெயின்ட் தோல் உரிந்தாற்போல் சுருண்டு நின்றது. வேலை பார்த்தவர் சிந்திய பிரேக் ஆயில்தான். பெயருக்குத்தான் ஆயில், வழக்கமாக ஊற்றும் டாட் 3, டாட் 4 வகைகள் இரண்டுமே கிளைகால் ஈதர் என்ற ரசாயனம் கலந்தவை, பெயின்ட்டை அரித்துவிடும். புது பேடு போட, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் திரும்பி ஏறி, பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியலாம். பலர் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. பெயின்ட்டில் சிந்தினால் தேய்க்க வேண்டாம், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

இன்னொரு சேதம் கண்ணுக்கே தெரியாது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றி, அதற்கு பிரேக் ஆயில் கொண்டுவரும் ஹோஸிலேயே தொங்கவிடுவார்கள். அந்தக் கனத்தில் ஹோஸ் உள்ளுக்குள் சேதமானாலும் வெளியே நன்றாகத்தான் இருக்கும். ஒரு கம்பித் துண்டால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டிவிட்டால் தீர்ந்தது. அரை நிமிட வேலை, அதற்குக்கூடச் சோம்பல்!

வண்டியை நகர்த்தும்முன் பெடலை நாலைந்து முறை மிதித்து, இறுகுகிறதா பாருங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி தரைவரை இறங்கும். அது தெரியாமல் ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் இருக்கும் சுவர்தான் வண்டியை நிறுத்தும்.

பேடில் கிரீஸோ ஆயிலோ பட்டுவிட்டால், "துடைச்சுப் போட்டுடலாம் சார்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊறிய பேடு ஊறியதுதான், வேறு செட் போடச் சொல்லுங்கள்.