தும்பியை நெருங்காமல் படமெடுங்கள்

தேயிலைக் கொழுந்தில் உட்கார்ந்திருக்கும் தும்பியைப் படமெடுக்கும்போது கமராவை அதன் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். ஒரு சாண் பின்வாங்கி எடுத்து, பிறகு எடிட்டிங்கில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். மிக நெருங்கினால் தெளிவாகப் பதியும் ஆழம் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். கண் துலங்கினால் இறக்கை நுனி மங்கும். தள்ளி நின்றால் இரண்டும் துலங்கும், உங்கள் நிழலும் அதன்மேல் விழாது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் காலைக் குளிரில் வெயிலேறும்வரை தும்பி அநேகமாக அசையாது, நிதானமாகவே எடுக்கலாம்.

எறும்பு, அசுவினி போன்ற பொடிப் பூச்சிகளுக்கு இது சரிவராது; வெட்டியபின் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும். காற்றில் கொழுந்து ஆடிக் கலங்கிய படத்தையும் எடிட்டிங் மீட்டுத் தராது. அதை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள்.