குரோன் நோயோடு நெடுங்காலம்: மருத்துவரை நாடுவதும் நலமான நாட்களைக் காப்பதும்

குரோன் நோய் என்பது வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடிய நாள்பட்ட அழற்சி. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில்தான் அது பெரும்பாலும் குடிகொள்கிறது. நியூயார்க்கில் பணியாற்றிய பர்ரில் குரோன் என்ற மருத்துவர் தம் சக மருத்துவர்கள் இருவருடன் சேர்ந்து 1932-ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார். இதை வேரோடு அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை என்றாலும், நோயைத் தணித்து வைத்துக்கொண்டு படிக்கவும் வேலை பார்க்கவும் பிள்ளை பெற்று வளர்க்கவும் பெரும்பாலோரால் முடிகிறது. அதற்கு மருந்து எவ்வளவு தேவையோ, மருத்துவரிடம் எப்போது போவது, எதைச் சொல்வது என்ற தெளிவும் அவ்வளவு தேவை.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, வலி இல்லாததும் நோய் அடங்கியிருப்பதும் ஒன்றல்ல என்பதே. இந்த அழற்சி குடலின் உட்பரப்போடு நின்றுவிடாமல் குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவக்கூடியது. வெளியே எதுவும் தெரியாத மாதங்களிலும் உள்ளே தழும்பு விழுந்து குடல் சுருங்கிக்கொண்டே வரலாம். நோய் கண்ட மூன்றாம் ஆண்டில், எட்டு மாதங்கள் வலியின்றிக் கழிந்த துணிவில் நான் மாத்திரைகளை நானாகவே நிறுத்தினேன். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது குடலடைப்போடு போனேன். நன்றாக இருக்கும்போது பரிசோதனைக்குப் போவது வீண் செலவு என்று எண்ணுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அழற்சி இருந்தால் கூடும் புரதங்களான சி.ஆர்.பி.யின் அளவை இரத்தத்திலும் கால்ப்ரொடெக்டினின் அளவை மலத்திலும் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் பார்த்துக்கொண்டால், உடல் உணர்த்துவதற்கு முன்பே அழற்சி தலைதூக்குவதைப் பல வேளைகளில் கண்டுகொள்ளலாம்.

மருத்துவரிடம் போகும்போது “வயிறு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவரால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் ஒரு நாளின் பதிவு இப்படி இருக்கிறது: “செவ்வாய். ஏழு முறை வயிற்றுப்போக்கு, அதில் இரண்டு முறை தூக்கத்திலிருந்து எழ நேர்ந்தது. சளி உண்டு, இரத்தம் இல்லை. உண்ட அரை மணி நேரத்தில் தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் வலி. எடை 52.4 கிலோ.” இந்த நான்கு வரிகளில் மருத்துவருக்கு வேண்டியது ஏறக்குறைய முழுவதும் இருக்கிறது. குறிப்பாக, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கை அவர்கள் கவனத்தோடு கேட்பார்கள், ஏனென்றால் மன உளைச்சலாலும் உணவு ஒவ்வாமையாலும் வரும் தொல்லைகள் பொதுவாக இரவில் ஒருவரை எழுப்புவதில்லை. மூட்டு வலி, வாய்ப்புண், காலில் தோன்றும் சிவந்த வலியுள்ள முடிச்சுகள் ஆகியவற்றையும் எழுதுங்கள். அவை வயிற்றோடு தொடர்பற்றவைபோலத் தோன்றினாலும் இதே நோயின் கிளைகளாக இருக்கக்கூடும்.

கூச்சத்தைப் பற்றி ஒரு சொல். ஆசனவாய்ப் பக்கம் வீக்கமோ சீழ்க்கசிவோ வலியோ இருந்தால், அதை மூலம் என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு களிம்பு தடவிக் காலம் கடத்துகிறவர்கள் பலர். அது சீழ்க்கட்டியாகவோ, குடலிலிருந்து தோலுக்குத் திறக்கும் புழையான பௌத்திரமாகவோ இருக்கலாம். நாட்பட விட்டால் அறுவை சிகிச்சையும் சிக்கலாகிவிடும். மருத்துவரிடம் இதைச் சொல்லத் தயங்கவே வேண்டாம். வாய்விட்டுச் சொல்ல இயலாவிட்டால் எழுதிக் கொடுங்கள்.

மருந்துகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கவனம் கேட்பவை. ஸ்டீராய்டு மாத்திரைகள் மூண்ட நோயை விரைவாக அடக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் உட்கொள்வதற்கு உரியவை அல்ல. எலும்பு தேய்தல், சர்க்கரை கூடுதல் போன்ற விலையை அவை கேட்கும். அதே வேளையில், சில வாரங்களுக்கு மேல் உட்கொண்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தே. மருத்துவர் சொல்லும் படிநிலைப்படியே குறைக்க வேண்டும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் அசதயோபிரின் மருந்தை எடுப்பவர்களுக்கு இரத்த அணுக்களையும் கல்லீரலையும் தவணை தவறாமல் சோதிக்க வேண்டும். அதே வகையான மீதோட்ரெக்சேட் மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால் குழந்தைப்பேற்றைத் திட்டமிடுவோர் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நோய் எதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசி மருந்துகளைத் தொடங்குமுன் உடலில் காசநோய்க் கிருமியும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியும் மறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். குடற்காசநோயும் குரோன் நோயும் ஒன்றைப்போல ஒன்று தோற்றமளிப்பவை ஆகையால், காசநோய் மிகுந்த நாடுகளில் நோயை உறுதிசெய்வதற்கே கொலோனோஸ்கோபி (குழாய்க் கருவியால் பெருங்குடலின் உள்ளே பார்த்தல்), பயாப்சி (திசுத் துணுக்கை எடுத்துச் சோதித்தல்), ஸ்கேன் என்று சிறிது காலம் பிடிப்பதும் உண்டு. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருக்கும்போது எந்தத் தடுப்பூசி போடுவதானாலும், அது உயிருள்ள கிருமியால் ஆனதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் நோயை மூட்டிவிடக்கூடும். பொதுவாகப் பாராசிட்டமால் பாதுகாப்பானது. புகைபிடித்தல் இந்த நோயை மோசமாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டது. அதை நிறுத்துவது நோயாளியின் கையிலேயே உள்ள சிகிச்சை.

உணவைப் பொறுத்தவரை எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பட்டியல் கிடையாது. குடல் சுருங்கியிருப்பவர்கள் நார், தோல், விதை மிகுந்தவற்றைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆனால் அஞ்சி அஞ்சி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் உடல் மெலிந்து நோயைவிடப் பெரிய கேடு விளையும். சிறுகுடலின் கடைப்பகுதி நோயுற்றிருந்தாலோ வெட்டி எடுக்கப்பட்டிருந்தாலோ வைட்டமின் பி12 சரியாக உறிஞ்சப்படாது. அதனையும் இரும்புச்சத்து, வைட்டமின் டி அளவுகளையும் சோதித்துக்கொள்வது நல்லது.

அறுவை சிகிச்சை நோயை முடித்துவைப்பதில்லை. இணைத்துத் தைத்த இடத்திலேயே அது மீண்டும் முளைக்கக்கூடும் என்பதால் 6 முதல் 12 மாதங்களுக்குள் கொலோனோஸ்கோபி செய்து பார்ப்பது வழக்கம். பெருங்குடலில் நோய் உள்ளவர்களுக்கு அறிகுறி தொடங்கி ஏறத்தாழ 8 ஆண்டுகள் ஆனபின் புற்றுநோய்க்கான கண்காணிப்பும் தொடங்க வேண்டும். கருத்தரிப்பதற்கு நோய் தணிந்திருக்கும் காலமே உகந்தது. அப்போதும் மருந்துகளை அஞ்சி நிறுத்திவிடாமல், எதைத் தொடர்வது என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

அடுத்த தவணைவரை காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. வயிறு உப்பி, விட்டுவிட்டு முறுக்கும் வலியோடு வாந்தி வந்து, காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால் அது குடலடைப்பாக இருக்கலாம். 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சலும் நடுக்கமும் வயிற்று வலியும் சேர்ந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கக்கூடும். மலத்தில் இரத்தம் மிகுதியாகப் போவது, கண் சிவந்து வலித்து வெளிச்சம் பட்டால் கூசுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென மூச்சு வாங்குவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இந்த நோயில் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டிப்போவதற்கான வாய்ப்பும் கூடுதல் என்பதால் கால் வீக்கத்தை நடந்த களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

அப்படிப்பட்ட நேரத்தில் நீங்களே பேசும் நிலையில் இருப்பீர்கள் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே நோயின் பெயர், குடலில் அது இருக்கும் இடம், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், இப்போது எடுக்கும் மருந்துகளும் அவற்றின் அளவும், கடைசி ஊசி போட்ட தேதி, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். மருந்து மாறும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்றி எழுதி, வீட்டில் ஒருவரிடம் அதன் நகலைக் கொடுத்துவையுங்கள்.