டெஸ்டோஸ்டிரோன் 210 என்றதும் சி.டி. எழுதாதீர்கள்

35 வயதுப் பெண். முகத்தில் முடி, தலையில் முடி உதிர்வு, மாதவிடாய் தள்ளிப்போகிறது. ரத்தப் பரிசோதனையில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் 210 என்று வருகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்த இளம் மருத்துவர் அன்று மாலைக்குள் வயிற்றுக்கு சி.டி. எழுதிவிடுகிறார். ஹார்மோன் துறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு அணியும் இதே படியில்தான் இடறுகிறது. மூத்தவர்கள் ஒருகாலத்தில் இடறிய படியும் இதுதான்.

டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் கட்டி உண்மையில் அரிது. சினைப்பைக் கட்டிகளில் செர்டோலி-லேடிக் வகை 0.5 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே, முதலில் கேட்க வேண்டியது ‘கட்டி எங்கே’ என்பதை அல்ல, ‘இந்த எண் உண்மையா’ என்பதைத்தான். குழாயில் பெயர் மாறுவது, ரத்தம் சிதைந்துபோவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறோம்.

அலகைப் படிக்காமல் எண்ணைப் படிப்பது

ஒரு லேப் டெசிலிட்டருக்கு நானோகிராம் என்று தரும். இன்னொன்று மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று தரும். வெளிநாட்டு ரிப்போர்ட் லிட்டருக்கு நானோமோலில் இருக்கும். 0.7 நானோகிராம்/மி.லி. என்பதும் 70 நானோகிராம்/டெ.லி. என்பதும் ஒன்றே. 1 நானோமோல்/லிட்டர் என்றால் ஏறத்தாழ 29 நானோகிராம்/டெ.லி. மாதவிடாய் வரும் பெண்ணுக்கு ஏறக்குறைய 15 முதல் 70 நானோகிராம்/டெ.லி. வரை இயல்பு. 150 முதல் 200க்கு மேல் போனால் (5.2 முதல் 6.9 நானோமோல்/லிட்டர்) கட்டியை நினைக்க வேண்டும். மாதவிடாய் நின்றவருக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே சந்தேகம் தொடங்கலாம். இந்த எல்லைக்கோட்டுக்குக் கீழேயும் கட்டிகள் இருந்திருக்கின்றன. மேலே போனவர்களில் பலருக்குக் கட்டியே இல்லை, சினைப்பைத் திசு மிகைவளர்ச்சிதான்.

பயோட்டின் சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் விடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எரிச்சலூட்டும் தவறு இது. ஒரே ஒரு கேள்வியில் தடுத்துவிடக்கூடியது என்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

யாருக்கு இந்தப் பரிசோதனையை எழுதுகிறோம்? தலைமுடி கொட்டுகிறது என்று வரும் பெண்ணுக்கு. அவர் இங்கே வருவதற்கு முன்பே என்ன வாங்கிச் சாப்பிட்டிருப்பார்? முடி வளர்ச்சிக்கான மாத்திரை. அதில் இருப்பது பயோட்டின். உடலுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். கடையில் விற்கும் வில்லைகளில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் இருக்கிறது. 10 மில்லிகிராம் என்றால் தேவையைப் போல 300 மடங்குக்கு மேல்.

இது பரிசோதனையை எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் மறக்கவே மாட்டீர்கள். பல தானியங்கி இயந்திரங்களில் ஸ்டிரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்காந்தத் துகள்கள் இருக்கும். ஸ்டிரெப்டாவிடின் பயோட்டினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் பரிசோதனைக்கான எதிர்ப்பொருளில் பயோட்டினை ஒட்டிவைத்து, அதைத் துகளோடு சேர்க்கிறார்கள். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் துகளில் உள்ள இடங்களையெல்லாம் அது பிடித்துக்கொள்கிறது. ஒளிரும் பொருள் துகளில் ஒட்டாமல் கழுவுநீரோடு போய்விடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் போன்ற சிறிய மூலக்கூறுகளைப் போட்டி முறையில் அளக்கிறார்கள். அதில் ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று பொருள். எனவே எண் பொய்யாக உயர்கிறது. பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். போன்ற பெரிய மூலக்கூறுகளுக்குச் சாண்ட்விச் முறை. அதில் ஒளி குறைந்தால் ஹார்மோனும் குறைவு. எனவே அந்த எண்கள் பொய்யாக இறங்குகின்றன.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் உயர்வு, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் டி.எச்.இ.ஏ. சல்ஃபேட் உயர்வு, கார்ட்டிசால் உயர்வு, எல்.எச். தாழ்வு, எஃப்.எஸ்.எச். தாழ்வு. கட்டி தானாகவே ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரியை அடக்கிவிட்டது என்று பாடத்தில் படித்த அதே படம். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்துவைக்கும் எஸ்.எச்.பி.ஜி. புரதமும் சாண்ட்விச் முறையில்தான் அளக்கப்படுகிறது. அதுவும் பொய்யாகக் குறைய, அதைக் கொண்டு கணக்கிடும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் இன்னும் பயங்கரமாகத் தெரியும். உயர்ந்த எண்ணுக்கு மற்ற எண்களும் சாட்சி சொல்வதால்தான் அனுபவசாலிகள்கூட நம்பிவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் பெருஞ்செலவு. சி.டி. எடுத்தால் அட்ரினலில் ஒரு சிறு முடிச்சு தெரியலாம். யாரையும் தொந்தரவு செய்யாத அப்படிப்பட்ட முடிச்சு நடுத்தர வயதில் நூற்றுக்குச் சிலருக்கு இருக்கும். சினைப்பையில் நீர்க்கட்டி தெரிவதோ சர்வ சாதாரணம். பொய் எண்ணுக்கு ஒரு நிழல் கிடைத்துவிட்டது. அடுத்த பேச்சு அறுவைசிகிச்சை. எடுக்கத் தேவையே இல்லாத உறுப்பை இழக்கும் நிலை வரை ஒரு பெண்ணைக் கொண்டுபோகும் பாதை இது. தொடக்கம் ஒரு கூந்தல் மாத்திரை.

“மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் “இல்லீங்க டாக்டர்” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, சத்து மாத்திரை. இப்படிக் கேளுங்கள்: “முடிக்கு, நகத்துக்கு, தோலுக்குன்னு ஏதாவது எடுக்குறீங்களாம்மா? மிட்டாய் மாதிரி மெல்றது, தண்ணில கரைக்கிற பொடி, எதுவா இருந்தாலும் சரி. அடுத்த தடவை டப்பாவையே கொண்டுவாங்க.”

சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் குறைந்தது 2 முதல் 3 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், நரம்பு நோய்க்காக 100 முதல் 300 மில்லிகிராம் எடுப்பவருக்கும் இன்னும் அதிக நாள் வேண்டும். எல்லா இயந்திரங்களிலும் இந்தச் சிக்கல் கிடையாது. சில ஸ்டிரெப்டாவிடினையே பயன்படுத்துவதில்லை, சிலவற்றைத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் லேபில் எது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இலேயே பயோட்டின் பற்றி எச்சரித்துவிட்டது. மாரடைப்புக்கான ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து ஒருவர் இறந்த தகவலும் அந்த எச்சரிக்கையில் இருந்தது.

நிறுத்திய பிறகும் உடல்நிலைக்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லையா? ரத்தநீரைப் பாதியாக நீர்த்து அளக்கச் சொல்லுங்கள். உண்மையான ஹார்மோன் என்றால் எண்ணும் பாதியாகும். நோயாளியின் சொந்த எதிர்ப்பொருள்கள் குறுக்கிட்டிருந்தால் கணக்கு இடிக்கும்.

ஆணுக்கான தராசில் பெண்ணை நிறுப்பது

எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் சாதாரண இம்யூனோஅஸே ஆண்களின் 300 முதல் 1000 வரையான அளவில் நன்றாக வேலை செய்யும். பெண்ணின் 30, 40இல் தடுமாறும். சந்தேகமான எண் வந்தால், உறுதிசெய்ய, மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் கேளுங்கள். பெரிய லேப்களில் கிடைக்கிறது. பயோட்டினும் அதைப் பாதிக்காது. ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ (கட்டற்றது) என்று நேரடி கிட்டில் அளந்து தரும் எண்ணை நம்ப வேண்டாம். மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் மூன்றையும் வைத்துக் கணக்கிடுவதே மேல்.

திருவிழாவுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட்ட வாரத்தில் ரத்தம் எடுப்பது

கல்யாணம், கோயில் என்று பெண்கள் எடுக்கும் நோரெதிஸ்டிரோன் சில கிட்களில் டெஸ்டோஸ்டிரோன் போலவே பதிவாகும். கருத்தடை மாத்திரையோ இதற்கு நேர்மாறு. டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஜனை அடக்கிக் காட்டும். நிறுத்தி 3 மாதம் கழித்து எடுப்பது நல்லது. குரல் தடித்துக்கொண்டிருப்பவரை மட்டும் 3 மாதம் காக்கவைக்காதீர்கள்.

கர்ப்பமா என்று பார்க்காதது

பார்த்துவிடுங்கள், கர்ப்பத்தில் டெஸ்டோஸ்டிரோன் உயரும், பயோட்டின் கர்ப்பப் பரிசோதனையில் அளக்கும் பீட்டா எச்.சி.ஜி.யைக்கூடப் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம்.

கணவர் தோளில் ஜெல்

டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தோல் வழியே மனைவிக்கும் குழந்தைக்கும் ஒட்டி, அவர்கள் எண்ணையும் உயர்த்தும்.

டி.எச்.இ.ஏ. சல்ஃபேட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது

700 மைக்ரோகிராம்/டெ.லி.க்கு மேல் போனால் அட்ரினல் பக்கம் பாருங்கள் என்பது சரியான அறிவுரை. இயல்பாக இருந்தால் அட்ரினலை விட்டுவிடலாம் என்பது தவறு. டெஸ்டோஸ்டிரோனை மட்டும் சுரக்கும் அட்ரினல் கட்டிகளும் உண்டு. இந்த ஹார்மோன் வயதோடு இறங்குவது. 25 வயதுக்கான எல்லையை 60 வயதுப் பெண்ணுக்குப் போட்டால் பெரிய உயர்வுகூட ‘நார்மல்’ என்று அச்சாகும். குழந்தைப்பேறு சிகிச்சையில் இருப்பவரா என்றும் கேளுங்கள். கருமுட்டை குறைவு என்று நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் டி.எச்.இ.ஏ. எழுதும் வழக்கம் இருக்கிறது. அது டி.எச்.இ.ஏ. சல்ஃபேட்டையும் டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்தே உயர்த்தும்.

அட்ரினல் கட்டி என்று நினைத்தால் கார்ட்டிசாலை மறக்காதீர்கள். இரவு 11 மணிக்கு, கார்ட்டிசாலை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் 1 மில்லிகிராம், மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம். கார்ட்டிசால் 1.8 மைக்ரோகிராம்/டெ.லி.க்கு மேல் இருந்தால் அடங்கவில்லை என்று பொருள். ஆண்ட்ரோஜனும் கார்ட்டிசாலும் சேர்ந்து உயர்ந்திருந்தால் அட்ரினல் புற்றுநோயாக இருக்கலாம், தாமதம் கூடாது. 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோனையும் மாதவிடாயின் முதல் சில நாட்களில், காலையில் எடுத்துவிடுங்கள். பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சியைக் கட்டி என்று எண்ணிவிடும் ஆபத்து அதோடு குறையும்.

ஊசி போட்டுக் குறைந்ததால் கட்டி இல்லை என்பது

எல்.எச்.சை அடக்கும் ஜி.என்.ஆர்.எச். ஊசிக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் சினைப்பைதான் மூலம் என்று சொல்லலாம். கட்டி இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் லேடிக் செல் கட்டிகள் பல எல்.எச்.சுக்குக் கட்டுப்படும். அவை மிகச் சிறியவையும்கூட. யோனிவழி ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காகக் கோப்பை மூடிவிடக் கூடாது.

எண்ணையே பார்த்துக்கொண்டு நோயாளியைப் பார்க்காதது

முகமுடி பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்திருந்தால் அவசரமில்லை. சில மாதங்களுக்குள் குரல் தடித்து, நெற்றியோரம் வழுக்கை விழுந்து, கிளிட்டோரிஸ் பெரிதாகி, ஹீமோகுளோபினும் ஏறியிருந்தால் எண் 140 என்றாலும் அது உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மறுபரிசோதனையும் ஸ்கேனும் ஒரே வாரத்தில் நடக்கட்டும்.

அறுவைசிகிச்சைக்கு முன் ஒரு குழாய் ரத்தநீரை உறைநிலையில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கட்டி சரியாக அகற்றப்பட்டிருந்தால் டெஸ்டோஸ்டிரோன் சில நாட்களிலேயே விழுந்துவிடும். அறுவைசிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் சாம்பிளை அதே லேபில், அதே முறையில், முன்பு எடுத்துவைத்த குழாயோடு சேர்த்து ஒரே ஓட்டத்தில் அளக்கச் சொல்ல வேண்டும்.