சல்மா மாதிரி ஓடிப் பழக

ஸ்பெயினின் சல்மா பாரலுவேலோ தடகளத்திலிருந்து வந்தவர். 400 மீட்டரில் பெயரெடுத்தவர். 2023 மகளிர் கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, 111வது நிமிடத்தில் நெதர்லாந்தை வீழ்த்திய கோலை அடித்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கோல்தான் பாடம்.

பாஸ் கொடுப்பவள் தலை நிமிர்த்தியதும் ஓட்டம் தொடங்க வேண்டும். முதலில் தடுப்பாட்டக்காரிக்கு இணையாகக் குறுக்கே ஓடு. பந்து கிளம்பும் முன்னே அவளைத் தாண்டினால் ஆஃப்சைடு என்று விதிமீறல், கிளம்பி வெகுநேரம் கழித்துத் தாண்டினால் போச்சு. முதல் மூன்று அடி குட்டையாக, வேகமாக. பந்து கிடைத்ததும் உள்பக்கம் ஒரு வெட்டு, அப்புறம் இடது காலால் தூர மூலைக்கு அடி. வலது காலே போதும் என்று அடம்பிடிக்கிறவளுக்கு அன்று முழுக்க இடது கால்தான்!

வாழைப்பழப் பையைக் காருக்குள் பூட்டிவிடுங்கள், இங்கே குரங்குகள் எல்லாரையும்விட வேகம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே நல்ல ஓய்வு கொடுங்கள்; களைத்த காலில் வேகம் பழகாது.