கீமோ நேரத்தில் எடைப் பயிற்சி: கையைப் பொத்திவைப்பதும் தவறுதான்

"அந்தக் கையால எதையும் தூக்காதே." மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அம்மா இதைச் சொல்வார், மாமியார் சொல்வார், தண்ணீர் கேன் போட வருபவர்கூடச் சொல்வார். காயம் ஆறும் முதல் சில வாரங்களுக்கு அது சரியான பேச்சு. அதையே ஆயுள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அக்குளில் நிணநீரை (திசுக்களிலிருந்து வடியும் நீர்) வடிகட்டும் சிறு முடிச்சுகளை எடுத்தாலோ அங்கே ரேடியேஷன் கொடுத்தாலோ நிணநீர் வடிவது தடைபட்டுக் கை வீங்கலாம். கனம் தூக்கினால் வீக்கம் வரும் என்று மருத்துவர்களே வெகுகாலம் நம்பினார்கள். 2009-இல் அமெரிக்காவில் ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களிடம் நடந்த ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. வாரம் இருமுறை, மெல்ல மெல்ல எடை கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. திடீரென மோசமாவதுகூடக் குறைந்தது. சரி, அவர்கள் சிகிச்சை முடித்தவர்கள். கீமோ ஓடும்போதே செய்யலாமா? 2007-இல் கனடாவில் 242 பெண்களிடம் பார்த்தார்கள். எடைப் பயிற்சி செய்தவர்களுக்குத் தசை கூடியது; திட்டமிட்ட கீமோ அளவில் மற்றவர்களைவிட அதிகமாகவே முடித்தார்கள்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிர். "மெல்ல மெல்ல" என்பதை மட்டும் விட்டுவிடுவது. டாக்டர் சம்மதித்த மறுநாளே ஐந்து கிலோ டம்பெல் வாங்குவார்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அது அரை கிலோ. அதில் பத்துப் பன்னிரண்டு முறை, இரண்டு செட். கையில் பாரமோ இறுக்கமோ இல்லாமல் சில முறை போனால்தான் அடுத்த எடை. வளையல், மோதிரம் திடீரென இறுகினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். கைவீக்கம் ஏற்கெனவே இருந்தால் அழுத்த உறை (கையை இறுக்கிப் பிடிக்கும் துணியுறை) போட்டுக்கொண்டு செய்யலாமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே?" இல்லை. ஆறு மாதம் சும்மா வைத்திருந்த கை, வாசலில் விட்டுப்போன இருபது லிட்டர் கேனை ஒரே மூச்சில் தூக்குகிறதே, ஆபத்து அங்கேதான். பழகிய கைக்கு அதே கேன் அவ்வளவு அதிர்ச்சி இல்லை. அப்புறம், பயிற்சி கைக்கு மட்டுமல்ல. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சமையல் மேடையில் சாய்ந்து புஷ்அப் எடுப்பது, இதெல்லாமும் கணக்கில் வரும். கீமோவில் உடல் எடை மாறாமல் இருக்கும்போதே தசை போய்க் கொழுப்பு ஏறலாம். எடை மெஷின் அதைக் காட்டாது. பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிட்டால் தசை எதிலிருந்து வரும்?

நாள் பார்க்காமல் செய்வது இன்னொரு தவறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றால், பொதுவாக ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் குறைவாக இருக்கும்; தொற்று எளிதில் ஒட்டும். அந்த வாரத்தில் எல்லோர் வியர்வையும் பட்ட ஏசி ஜிம் வேண்டாம், வீட்டிலேயே செய்யுங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியும் வேண்டாம். பிளேட்லெட்டோ ஹீமோகுளோபினோ மிகவும் இறங்கியிருந்தால் டாக்டர் சொல்லும்வரை கனம் தூக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சிலருக்குக் கூடுதல் கவனம் தேவை. சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பாதிக்கும். எக்கோ (இதய ஸ்கேன்) முடிவைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பாதம் மரத்துப்போயிருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். எலும்புக்கு நோய் பரவியிருந்தாலோ முதுகில் புதிதாக வலி வந்தாலோ டாக்டரைப் பார்க்காமல் எடையைத் தொடவே கூடாது.

ஜிம் ட்ரெய்னரிடம் எந்தப் பக்கம் ஆபரேஷன், எந்தப் பக்கம் போர்ட் (கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் எல்லோருக்கும் கொடுக்கும் அட்டவணையைத்தான் உங்களுக்கும் கொடுப்பார்.