பந்திங் பக்கம் கடலோர ஆய்வுக்கு வர்ற பிள்ளைங்க தவிர்க்க வேண்டிய தப்புங்க

மலேசியா சிலாங்கூர்ல பந்திங்க ஒட்டின மோரிப், கேரித் தீவு பக்கமெல்லாம் கடலோர ஆய்வுக்கு யுனிவர்சிட்டி பிள்ளைங்க வர்றாங்க, அதுல நம்ம தோட்டத்துப் பிள்ளைங்களும் இருக்காங்கன்னா பார்க்கவே சந்தோஷமா இருக்கு. அதனாலதான் இத எழுதுறேன், உழைப்பு வீணாகக் கூடாது.

முதல் தப்பு நேரம். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலையில 9 மணிக்கு சாம்பிள்னு பிளான் போடுவாங்க, கேக்க ஒழுங்காத்தான் இருக்கும். ஆனா நம்ம மலாக்கா நீரிணையில ஒரு ஏத்தத்துக்கும் (பாசாங், அதாவது தண்ணி முழுசா ஏறி நிக்கிறது) அடுத்த ஏத்தத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால தண்ணி ஏறுற நேரம் தினமும் 50 நிமிஷம் போல தள்ளிப் போகும், 14 நாள்ல கிட்டத்தட்ட 12 மணி நேரம் தள்ளிப் போய் திரும்ப அதே 9 மணிக்கு ஏறக்குறைய அதே மாதிரி தண்ணி வந்து நிக்கும். முதல் நாள் ஏறின தண்ணியா இருந்தா, ரெண்டு மாசம் எடுத்தாலும் பெரும்பாலும் ஏறின தண்ணியத்தான் பார்த்திருப்பீங்க, நல்லா வத்தின தண்ணிய பார்த்திருக்க மாட்டீங்க. அதுக்கு பதிலா அமாவாசை இல்லன்னா பௌர்ணமிய ஒட்டி ஒரு நாள், அஷ்டமி நவமி பக்கம் ஒரு நாள், 13 மணி நேரம் உக்காந்து மணிக்கொரு தடவை எடுங்க. மேல் தண்ணிய மட்டும் மொண்டுட்டு வராதீங்க, ஆத்து முகத்துல உப்புத் தண்ணி கனம், அது அடியில கிடக்கும்.

அடுத்தது, தனித்தனியா வர்றது. மீன் படிக்கிறவங்க ஒரு மாசம், மண்ணு படிக்கிறவங்க வேற மாசம், நீரோட்டம் அளக்கிறவங்க எப்பவோ. அப்புறம் மூணு டேட்டாவயும் ஒட்ட வச்சா ஒட்டாது.

இதுல ரொம்ப முக்கியமானது மண்ணு. பாரிட்ல (தோட்டத்து வடிகால்ல) மீன் செத்து மிதந்தா உடனே செம்பனைக்கு போட்ட உரம், மருந்துன்னு எழுதிடுறாங்க, அதுவும் இருக்கலாம், ஆனா முன்ன பாக்காவ் காடா (அலையாத்திக் காடா) இருந்த சேத்துல பைரைட்னு இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருக்கும், பாரிட் வெட்டி தண்ணிய வடிச்சதும் அதுல காத்து பட்டு கந்தக அமிலமா மாறும், வெயில் காலம் முடிஞ்சு அடிக்கிற முதல் பெருமழை அத கழுவிக் கொண்டாந்து பாரிட்ல விட்டுடும். தண்ணியோட pH (7க்கு கீழ போகப் போக அமிலம் கூடும்) 4க்கு கீழகூட போகும். கரையில துருப்பிடிச்ச மாதிரி செவப்பு படிஞ்சிருக்கும், தண்ணி சில சமயம் அடி தெரியிற அளவுக்கு தெளிவா இருக்கும், தெளிவா இருக்கேன்னு நம்பிடாதீங்க, கலங்கலா இருக்க வேண்டிய இடத்துல அந்தத் தெளிவுதான் சந்தேகப்பட வேண்டியது. மண்ணு தெரிஞ்ச ஒருத்தர் கூட இருந்தா இத அங்கயே சொல்லிடுவாரு.

உயரக் கணக்கும் அப்படித்தான். டைட் டேபிள்ல (கடல் ஏறி வத்துற நேரமும் உயரமும் போட்ட அட்டவணையில) போர்ட் கிள்ளானுக்கு 5 மீட்டர்னு இருந்தா அது கடல் வரைபடத்தோட சுழியத்துல, அதாவது தண்ணி ரொம்ப வத்துற மட்டத்துல இருந்து எண்ணினது. நில அளவைக்காரங்க சொல்ற உயரமோ 1984லேருந்து 1993 வரைக்கும் அதே போர்ட் கிள்ளான்ல அளந்த சராசரி கடல் மட்டத்துல இருந்து எண்ணுறது, அந்த மட்டம் சுழியத்துக்கு ரொம்ப மேல இருக்கு. ரெண்டயும் அப்படியே ஒப்பிட்டீங்கன்னா பண்டு (கடல் தண்ணி உள்ள வராம தடுக்கிற கரை) முழுகுதுன்னு காகிதத்துல வந்துடும்.

வாட்டர்கேட் (தோட்டத்துத் தண்ணிய வெளிய விடுற மதகு) பார்க்கிற அண்ணன்கிட்ட பேசாம வேலைய ஆரம்பிக்கிறதும் தப்புதான். கடல் வத்துறப்ப கேட் தொறந்தா தோட்டத்துத் தண்ணி மொத்தமா வெளிய போகும், அந்த நேரம் தெரியாம வாய்க்கால் முகத்துல எடுத்த சாம்பிளுக்கு அர்த்தமே மாறிடும். "அண்ணே, இன்னைக்கு எப்ப தொறந்தீங்க, எப்ப மூடுனீங்க"ன்னு கேட்டு, அந்த நேரத்த சாம்பிள் நம்பருக்குப் பக்கத்துலயே எழுதி வச்சுக்குங்க.